21 எழுத்தில் ஒரு தடையுத்தரவு

வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய புகையிலைச் செடியின் அடி இலைகளில் கருகிய வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தோன்றும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இந்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்த எஸ்.ஏ. விங்கார்டு 1928இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார். நோய் மேலே ஏற ஏறத் தணிந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போய்விடுகிறது. அதற்குப் பிறகு துளிர்க்கும் இலைகள் மாசுமறுவற்று இருக்கின்றன. அந்த இலைகளில் அதே வைரஸை மறுபடி தேய்த்தாலும் வளையம் விழுவதில்லை.

செடிக்கு ரத்தம் இல்லை. ரத்தத்தில் மிதந்து காவல் காக்கும் வெள்ளணுக்கள் இல்லை. ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் தொட்டாற்சிணுங்கியை வைத்து மின்துடிப்புகளை அளந்து காட்டியிருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் துடிப்பு ஏதோ ஓர் அதிர்ச்சி நேர்ந்தது என்று சொல்லுமே தவிர, இன்ன வைரஸ் வந்தது என்று பெயர் சொல்லாது. அடி இலை பட்ட பாட்டை, அதுவும் எதிரியின் அடையாளத்தோடு, மேல் இலைக்குக் கொண்டுபோனது எது? விடை வர ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஆயின. அதற்கான முதல் துப்பும் வைரஸ் ஆய்விலிருந்து வரவில்லை, பூக்களிலிருந்து வந்தது.

1980களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் ஜோர்கென்சன், கரோலின் நாபோலி, கிறிஸ்டின் லெமியூ மூவரும் ஊதாப் பெட்டூனியாவை இன்னும் கடும் ஊதாவாக்கப் பார்த்தார்கள். பூவுக்கு நிறம் கொடுக்கும் ஆந்தோசயனினைத் தயாரிப்பதில் சால்கோன் சிந்தேஸ் என்ற நொதிக்கு முக்கியப் பங்குண்டு. அந்த நொதிக்கான மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்றைச் செடிக்குள் செலுத்தினார்கள். மரபணு கூடினால் நிறமும் கூடும் என்பது கணக்கு. மரபணு ஏறிய செடிகளில் 42 சதவீதம் முழு வெள்ளைப் பூவோ, வெள்ளைத் திட்டு விழுந்த பூவோ பூத்தன. புதிதாகப் போன மரபணு தானும் அடங்கி, ஏற்கெனவே அங்கே குடியிருந்த சொந்த மரபணுவையும் சேர்த்து அடக்கியிருந்தது. 1990இல் இது வெளியானபோது நெதர்லாந்தில் இன்னொரு குழுவும் அதே வெள்ளைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்திருந்தது.

பெட்டூனியா கதையை எல்லோரும் சொல்வார்கள். வெள்ளைப் பூ படத்தில் அழகாக விழும். ஆனால் மரபணு அடங்கிப்போனதைவிட, அந்த அடக்கம் பயணம் செய்கிறது என்பதுதான் பெரிய செய்தி. அதை உறுதிப்படுத்தியவை 1997இல் பிரான்சின் வெர்சாயில் எர்வே வோஷ்ரேயின் குழு செய்த ஒட்டுக்கட்டுச் சோதனைகள்.

எடுத்துக்கொண்டது புகையிலை. நைட்ரேட்டைச் செரிக்க உதவும் ஒரு நொதியின் மரபணு கூடுதலாக ஏற்றப்பட்டு, பெட்டூனியாவில் நடந்ததுபோலவே மொத்தமாக அடங்கிப்போன செடிகள் அவர்களிடம் இருந்தன. இலை வெளுத்திருப்பதை வைத்தே அவற்றை அடையாளம் காணலாம். அப்படிப்பட்ட ஒரு செடியை வேர்ச்செடியாக வைத்து, அதே மரபணு ஏற்றப்பட்டும் அடங்காமல் பச்சையாக இருந்த ஒரு தண்டை அதன்மேல் ஒட்டினார்கள். ஒட்டிய ஒவ்வொன்றிலும், விலக்கே இல்லாமல், மேல்தண்டும் அடங்கியது. அடுத்து இரண்டுக்கும் நடுவே மரபணு ஏற்றப்படாத சாதாரணப் புகையிலைத் தண்டு ஒன்றைப் பாலமாக வைத்தார்கள், 30 செ.மீ. நீளம் வரை. அப்போதும் செய்தி அந்தப் பாலத்தைக் கடந்து மேலே போய்ச் சேர்ந்தது. இந்தச் சோதனையில் அது போனது கீழிருந்து மேலே மட்டும்தான். மேலிருந்து கீழே இறங்கவில்லை.

மாமரத்திலும் ரோஜாவிலும் ஒட்டுக்கட்டத் தெரிந்த எவருக்கும் இந்தச் சோதனையின் எளிமை புரியும். கத்தியும் கட்டுநூலும் இருந்தால் போதும். செடியின் உடலுக்குள் ஏதோ ஒன்று ஒட்டைத் தாண்டிப் போகிறது, போகிற இடத்தில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் அடக்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி இல்லை.

அதே ஆண்டு இங்கிலாந்தின் நார்விச்சில், செயின்ஸ்பரி ஆய்வகத்தில், ஒலிவியே வொய்னேவும் டேவிட் பால்கமும் அந்தப் பயணத்தைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள். ஜெல்லிமீனிலிருந்து எடுத்த ஒளிர்புரத்தின் மரபணுவைப் புகையிலையின் ஆஸ்திரேலிய உறவுக்காரச் செடி ஒன்றில் ஏற்றினால், புற ஊதா விளக்கின் கீழ் அந்தச் செடி பச்சையாக ஒளிரும். ஒளிர்புரம் இல்லாவிட்டால் இலையின் பச்சையமே ரத்தச் சிவப்பாகத் தெரியும். ஒளிரும் செடியின் அடி இலை ஒன்றில் மட்டும், அதே மரபணுவைச் சுமந்த பாக்டீரியாக் கரைசலைச் செலுத்தினார்கள். சில வாரங்களில் மேலே வந்த இலைகளில் முதலில் நரம்புகளை ஒட்டிச் சிவப்பு படர்ந்தது. பிறகு நரம்பிலிருந்து இலைப்பரப்புக்குக் கசிந்தது. எதிரில் இருந்து பார்ப்பவருக்குச் செய்தியின் வழித்தடம் வரைபடம்போல் விரிந்தது.

இங்கே ஒரு குறிப்பு அவசியம். 2015இல் வொய்னேயின் பல கட்டுரைகளில் படங்கள் முறைகேடாகக் கையாளப்பட்டிருப்பது தெரியவந்தது. சில கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, பலவற்றுக்குத் திருத்தம் வந்தது. துறைக்கு அது பெரிய தலைக்குனிவு. ஆனாலும் பயணம் செய்யும் செய்தி என்ற கண்டுபிடிப்பு அவருடைய படங்களை நம்பி நிற்கவில்லை. வெர்சாயின் ஒட்டுச்செடிகள் தனிச் சாட்சி; பின்னால் பல நாட்டு ஆய்வகங்கள் தனித்தனியே அதையே கண்டன.

பயணிப்பது எது என்பதற்கான முதல் தடயத்தை 1999இல் ஆண்ட்ரூ ஹாமில்டனும் பால்கமும் பிடித்தார்கள். மரபணு அடங்கிய செடிகளில் எல்லாம் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகள் இருந்தன. அடங்காத செடிகளில் அவை இல்லை. ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஓர் அலகை ஓர் எழுத்து என்று கொண்டால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 எழுத்து என்று அப்போது மதிப்பிட்டார்கள். பின்னர் அது 21 முதல் 24 என்று நிலைபெற்றது. அவ்வளவு சிறியதை அதுவரை ஏன் யாரும் பார்க்கவில்லை? பார்க்கவில்லை என்பதைவிட, பார்க்க நினைக்கவில்லை என்பதே சரி. ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் வழக்கமான ஜெல்லில் இத்தனை சிறிய துண்டுகள் சிதைந்த குப்பையோடு குப்பையாக அடிவரை ஓடி வெளியேறிவிடும்.

இயங்கும் விதம் இப்போது பாடநூலில் வந்துவிட்டது. வைரஸ் பெருகும்போதும், ஏற்றப்பட்ட மரபணு அளவு மீறி வேலை செய்யும்போதும், செல்லுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகிறது. புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. எப்போதும் ஒற்றை இழை. இரட்டையைக் கண்டால் டைசர் என்ற நொதி அதை 21, 22 அல்லது 24 எழுத்துகள் கொண்ட துண்டுகளாக நறுக்குகிறது. துண்டின் ஓர் இழையை ஆர்கோநாட் என்ற புரதம் கவ்விக்கொள்கிறது. அந்த இழைக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் ஆர்.என்.ஏ. எதிர்ப்பட்டால், 10ஆவது எழுத்துக்கும் 11ஆவது எழுத்துக்கும் நடுவே வெட்டு விழுகிறது. வெட்டுப்பட்டதிலிருந்து புரதம் உருவாகாது. 24 எழுத்துத் துண்டுகளின் போக்கு வேறு, அவை டி.என்.ஏ.வுக்கே வழிகாட்டி, மரபணுவின் மீது வேதிப்பூட்டு ஒன்றைப் போட வைக்கின்றன. 2010இல் பால்கமின் குழு, இந்த 24 எழுத்துத் துண்டுகள் ஒட்டைத் தாண்டிப் போய், மறுபக்கத்துச் செல்லின் டி.என்.ஏ.வில் அந்தப் பூட்டைப் போடுவதையும் காட்டியது.

வைரஸுக்கு எதிரான ஆயுதமாக மட்டும் இது இருந்துவிடவில்லை. தன் சொந்த மரபணுக்களை அடக்கியாளவும் செடி இதே சிறு துண்டுகளைத் தன் மரபணுத்தொகுதியிலிருந்தே எழுதிக்கொள்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது அவற்றின் பெயர்.

இந்தத் துண்டுகள் பயணம் செய்ய இரண்டு பாதைகள். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சுவரைத் துளைத்துச் செல்லும் பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற நுண்துளைகள் ஒன்று. அந்த வழியே பத்துப் பதினைந்து செல் தூரம் போய்ச் செய்தி தேய்ந்துவிடும். இடையில் வேறொரு நொதி அதற்குப் புதுப் பிரதிகள் எடுத்துக் கொடுத்தால்தான் மேலும் போகும். சர்க்கரையை இலையிலிருந்து வேருக்கும் தளிருக்கும் சுமக்கும் ஃபுளோயம் குழாய் இன்னொன்று. அதில் ஏறிவிட்டால் செடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகலாம்.

முகவரி? பாதியாகக் கிழித்த ரூபாய் நோட்டில் ஒரு பாதியைக் கொடுத்தனுப்புவதுபோலத்தான் இதுவும்: மறுபாதி எவனிடம் பொருந்துகிறதோ அவனே ஆள். நான்கு எழுத்து வகைகள், 21 இடங்கள் என்று பெருக்கிப் பார்த்தால் 4.4 லட்சம் கோடி வெவ்வேறு துண்டுகள் சாத்தியம். ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ் செடியின் மொத்த மரபணுத்தொகுதியே 13.5 கோடி எழுத்துதான். அதற்குள் ஒரே ஓர் இடத்தைச் சுட்ட 21 எழுத்து தாராளம்.

செடிகள் பேசிக்கொள்கின்றன, மரங்கள் கிசுகிசுக்கின்றன என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சிறு ஆர்.என்.ஏ.வைப் பார்க்கும் யாருக்கும் அந்தப் பேச்சு சற்று அலுப்பூட்டும். பேச்சு என்றால் கேட்பவர் வேண்டும், கேட்டதைப் புரிந்துகொண்டு என்ன செய்வதென்று முடிவெடுக்கும் யாரோ வேண்டும். இங்கே அப்படி ஒருவரும் இல்லை. துண்டு போய்ச் சேர்கிறது, பொருந்தினால் வெட்டு விழுகிறது. செய்தியும் அதன் நிறைவேற்றமும் ஒன்றே. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: இந்த அஞ்சலுக்குத் தெரிந்தது ஒரே சொல், 'வேண்டாம்'. செய், வளர், திற என்று சொல்ல இதற்கு வாயில்லை. அடக்கத்தான் தெரியும். ஒரே ஒரு மறுப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு செடி எத்தனை விதமான காரியங்களை நடத்திக்கொள்கிறது என்பதில்தான் இதன் சுவை முழுதும் இருக்கிறது.

மணிச்சத்தை எடுத்துக்கொள்வோம். மண்ணில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்; இரும்போடும் அலுமினியத்தோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து கெட்டித்துக் கிடக்கும். மூட்டை மூட்டையாக டி.ஏ.பி. போடுவது அதனால்தான். பற்றாக்குறையை உணர்கிற இலை, வேரை இன்னும் உறிஞ்சச் சொல்ல வேண்டும். ஆனால் அதனிடம் இருப்பதோ மறுப்புச் சொல் ஒன்றே. எப்படிச் சொல்வது? வேரில் ஃபோ2 என்ற புரதம் இருக்கிறது. மணிச்சத்தை உள்ளே இழுக்கும் புரதங்களைச் சிதைக்க அனுப்புவது அதன் வேலை. அளவு மீறி உள்ளே வந்துவிடாமல் காக்கிறது. இலை பட்டினியாகும்போது மைக்ரோ ஆர்.என்.ஏ. 399 என்ற துண்டை ஏராளமாகத் தயாரித்து ஃபுளோயத்தில் இறக்கிவிடுகிறது. அது வேருக்குப் போய் ஃபோ2வுக்கான ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது. சிதைப்பவனை நிறுத்தியாகிவிட்டது, உறிஞ்சும் புரதங்கள் தாமாகப் பெருகுகின்றன. தடையைத் தடுத்ததன் மூலம் அனுமதி கிடைத்துவிட்டது.

2008இல் ஜெர்மனியிலும் தைவானிலும் இரண்டு குழுக்கள் இதை ஒட்டுச்செடிகளைக் கொண்டு நிரூபித்தன. 399ஐ அளவுக்கு மீறித் தயாரிக்கும் தண்டைச் சாதாரண வேரின்மேல் ஒட்டினால், அந்த வேரில் 399 வந்து சேர்கிறது, ஃபோ2 குறைகிறது, மேலே இலைகளில் மணிச்சத்து நஞ்சாகும் அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது. மறுப்பை நிறுத்த ஆளில்லாவிட்டால் பட்டினிக்குப் பதில் அஜீரணம்.

அப்படி ஆகாமலிருக்கச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு, இந்தத் துறையில் படித்தவற்றிலேயே மிகக் குறும்பானது என்று சொல்லலாம். ஸ்பெயினில் ஹவியர் பாஸ்-ஆரெஸின் குழு 2007இல் அதை வெளியிட்டது. மணிச்சத்துப் பற்றாக்குறையின்போது ஐ.பி.எஸ்.1 என்ற ஆர்.என்.ஏ. ஒன்றும் பெருகுகிறது. அதிலிருந்து உருப்படியான புரதம் எதுவும் வருவதில்லை. அதன் நடுவே ஓரிடம் 399க்குப் பொருந்தும். ஆனால் சரியாக வெட்டு விழவேண்டிய புள்ளியில் மூன்று எழுத்துகள் கூடுதலாகப் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. 399 வந்து ஒட்டிக்கொள்ளும். வெட்ட முடியாது. விட்டுப் போகவும் எளிதில் முடியாது. போலி இலக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டு அதன் வேகம் மட்டுப்படுகிறது. மறுப்பை மறுப்பதற்கு ஒன்று, அதையும் சிக்கவைக்க இன்னொன்று.

பயறுவகைச் செடிகளில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. அவற்றின் வேர்முடிச்சுகளில் குடியேறும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தழைச்சத்தாகத் தருகிறது. இலவசமாக அல்ல. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க ஆற்றலைச் சுமக்கும் 16 ஏ.டி.பி. மூலக்கூறுகள் செலவாகின்றன, அந்தச் செலவு முழுதும் இலை சமைத்த சர்க்கரையிலிருந்து வரவேண்டும். முடிச்சு குறைந்தால் தழைச்சத்து போதாது. கூடினால் வளர்ச்சி குன்றும். எத்தனை முடிச்சு என்று வேர் தனியே முடிவு செய்ய முடியாது, சர்க்கரை இருப்பு இலைக்குத்தான் தெரியும்.

லோட்டஸ் ஜப்பானிகஸ் என்பது இந்த ஆய்வுகளுக்குப் பிடித்தமான பயறினச் செடி. தாமரைக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. அதன் இலைகள் வழக்கமான நாட்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 2111ஐ ஓயாமல் வேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன என்று 2018இல் கத்தரீனா மார்க்மானின் குழு ஜெர்மனியிலிருந்து வெளியிட்டது. வேரில் முடிச்சு விழாமல் தடுக்கும் புரதம் ஒன்று உண்டு. அதற்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் 'டூ மச் லவ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது இல்லாத செடியின் வேரில் முடிச்சுகள் கட்டுக்கடங்காமல் மொய்க்கும் என்பதால் இந்தக் கேலி. 2111 அந்தப் புரதத்தை அடக்கிவைக்கிறது. ஆகவே வேர் பாக்டீரியாவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பாக்டீரியா குடியேறத் தொடங்கியதும் வேர் சிறிய பெப்டைடு ஒன்றை மேலே அனுப்புகிறது. இலை அதை உணர்ந்து 2111 தயாரிப்பைக் குறைக்கிறது. அஞ்சல் நின்றதும் வேரில் அந்தத் தடுப்புப் புரதம் தலைதூக்கி, போதும் என்று கதவை அடைக்கிறது.

இங்கே செய்தி வருவது அனுமதி, வராமல் போவது தடை. இலை எதையும் புதிதாகச் சொல்லவில்லை, சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தியதுதான். மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தாலும் 2111 குறைந்துபோகிறது. யூரியா அதிகம் வைத்த உளுந்துக் கொல்லையில் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சு அருகியிருப்பதைக் கண்ட விவசாயிக்கு, அதன் பின்னே இயங்கும் கணக்கில் ஒரு பகுதி இது.

இந்தியாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: புணேயிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அஞ்சன் பானர்ஜியின் குழு உருளைக்கிழங்கில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 ஒட்டைக் கடந்து பயணிக்கக்கூடியது என்று 2014இல் காட்டியது. அதை மிகுதியாகத் தயாரிக்கும் செடிகளில் குறும்பகல் நாட்களில் மண்ணுக்கடியில் வைக்க வேண்டிய கிழங்கு தண்டின் கணுக்களில் வைத்தது.

தொலைதூரப் பயணங்கள் கவர்ச்சியானவை. ஆனால் நாலைந்து செல் தூரமே போகும் துண்டுகள் செய்வது அதைவிட வியப்பானது. வேரின் நடுத்தண்டில் நீர்க்குழாய்கள் உருவாகும்போது ஓரத்தில் ஒரு வகை, நடுவில் இன்னொரு வகை அமைய வேண்டும். நடுத்தண்டிலிருந்து ஷார்ட்ரூட் என்ற புரதம் வெளிப்புறத்து வளையச் செல்களுக்கு நகர்கிறது. அங்கே அது மைக்ரோ ஆர்.என்.ஏ. 165, 166 இரண்டையும் தூண்டிவிடுகிறது. அவை மறுபடி உள்நோக்கிக் கசிகின்றன. ஓரத்துச் செல்களுக்கு நிறையக் கிடைக்கும், நடுச் செல்லுக்குக் கொஞ்சமே எட்டும். நிறையக் கிடைத்த இடத்தில் இலக்கு மரபணு முற்றாக அடங்கி ஒரு வகைக் குழாய் உருவாகிறது. அரைகுறையாக அடங்கிய நடுவில் மற்ற வகை. 2010இல் வெளியான இந்த ஆய்வு முக்கியமான ஒன்றைச் சொன்னது. மறுப்புக்கும் அளவு உண்டு. எவ்வளவு உரக்க மறுக்கப்படுகிறது என்பதை வைத்தே ஒரு செல் தான் எங்கே நிற்கிறது என்று அறிகிறது. இலைக்கு மேற்புறம், அடிப்புறம் என்ற இரு முகங்கள் அமைவதிலும் இதே தந்திரம்தான்.

வைரஸ்கள் இத்தனையும் தெரிந்தே வருகின்றன. தக்காளியைத் தாக்கும் ஒரு வைரஸ் பி19 என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. அது 21 எழுத்து நீளமுள்ள இரட்டைத் துண்டை இரு முனையிலும் பிடித்து அளந்து பார்த்துக் கவ்விக்கொள்ளும் வடிவம் கொண்டது. அஞ்சல் கிளம்புமுன்பே பறிபோகிறது. வெள்ளரித் தேமல் வைரஸின் 2பி புரதமும் செய்தி மேலே பரவாமல் தடுக்கிறது. செடியின் இந்த ஏற்பாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு எதிரிகள் அதன்மீது செலவழிக்கும் உழைப்பே அத்தாட்சி.

இயக்கம் புரிவதற்கு முன்பே அதைப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஹவாய்த் தீவில் பப்பாளி விளையும் பூனா பகுதிக்குள் 1992இல் பப்பாளியைத் தாக்கும் வேறொரு வளையப்புள்ளி வைரஸ் நுழைந்து தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. டென்னிஸ் கொன்சால்வெஸ் தலைமையிலான குழு அந்த வைரஸின் உறைப்புரத மரபணுவையே பப்பாளிக்குள் ஏற்றி வைத்திருந்தது. 1998இல் அந்த ரகங்கள் விவசாயிகள் கைக்கு வந்தன. வைரஸின் புரதம் செடியைக் காக்கும் என்பதே தொடக்கத்தில் பலரின் எண்ணம். உண்மையில் காத்தது ஆர்.என்.ஏ.: விங்கார்டின் புகையிலையில் நோய்க்குப் பின் நடந்தது, இந்தப் பப்பாளியில் நோய் வருமுன்பே நடந்து முடிந்திருந்தது.

விருதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரட்டை இழை ஆர்.என்.ஏ. மரபணுவை அடக்கும் என்று 1998இல் உருளைப்புழுவில் காட்டிய ஆண்ட்ரூ ஃபயருக்கும் கிரேக் மெல்லோவுக்கும் 2006இல் நோபல் கிடைத்தது. 2008இல் லாஸ்கர் விருதை மூவர் பகிர்ந்தார்கள்: புழுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்ட விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்கன், செடியில் சிறு ஆர்.என்.ஏ.வைக் கண்ட பால்கம். 2024இல் அம்ப்ரோஸுக்கும் ருவ்கனுக்கும் நோபல் வந்தது. ஒரு நோபலை மூவர் வரை பகிரலாம். 2006, 2024 இரண்டு முறையும் மூன்றாவது இடம் காலியாகவே விடப்பட்டது. மருத்துவ நோபல் என்பதால் செடி ஆய்வாளரைச் சேர்ப்பதில் தயக்கம் என்று சமாதானம் சொல்லலாம். மருந்தாகாத உருளைப்புழுவுக்கு இரண்டு முறை கிடைத்ததே என்று கேட்டால் அந்தச் சமாதானம் நிற்காது.

முகவரி என்பது வெறும் எழுத்துப் பொருத்தம்தான் என்றால், அது செடியின் உடலோடு நின்றுவிட வேண்டிய அவசியமில்லை. நிற்பதும் இல்லை. வேலிகளில் மஞ்சள் நூல் கற்றையாகப் படர்ந்து கிடக்கும் அம்மையார் கூந்தலின் இனத்தைச் சேர்ந்த ஓர் ஒட்டுண்ணிக் கொடியை மைக்கேல் ஆக்ஸ்டெல், ஜேம்ஸ் வெஸ்ட்வுட் குழுவினர் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். கொடி தன் உறிஞ்சு வேரைப் பற்றிய செடிக்குள் இறக்கும் இடத்தில் 22 எழுத்துத் துண்டுகளைத் தயாரித்து அந்தச் செடிக்குள் செலுத்துகிறது. அவை வெட்டும் ஆர்.என்.ஏ.க்களில் ஒன்று, காயம்பட்ட ஃபுளோயம் குழாயை அடைக்க உதவும் புரதத்துக்கானது. குழாய் அடைபடாவிட்டால் சாறு தடையின்றி வரும். திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் அழுக வைக்கும் சாம்பல் பூஞ்சையும் தன் சிறு ஆர்.என்.ஏ.க்களை அனுப்பி, செடியின் சொந்த ஆர்கோநாட்டையே பிடித்து, செடியின் தற்காப்பு மரபணுக்களை அடக்குகிறது என்று ஹைலிங் ஜின்னின் குழு 2013இல் காட்டியது. செடியும் சும்மா இருப்பதில்லை. நுண்குமிழிகளுக்குள் அடைத்துத் தன் துண்டுகளைப் பூஞ்சைக்கு அனுப்புகிறது என்று 2018இல் அதே குழு சொன்னது.

எல்லை தாண்டும் கதைகளுக்கு ஓர் ஆபத்து உண்டு, அவை எளிதில் எல்லை மீறிவிடும். சோற்றில் உள்ள அரிசியின் மைக்ரோ ஆர்.என்.ஏ. சாப்பிடுபவரின் ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் கொழுப்பைக் கையாளும் மரபணு ஒன்றை அடக்குகிறது என்று 2012இல் சீனாவின் நான்ஜிங்கிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுதும் செய்தியானது. மற்ற ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அது நிலைக்கவில்லை. ரத்தத்தில் தென்பட்ட துண்டுகள் ஒன்றிரண்டாக, எதையும் அடக்கப் போதாத அளவில் இருந்தன. சில மாதிரிகளில் அவை ஆய்வகத்துக் கலப்படமாகவே இருக்கக்கூடும். மூன்று வேளையும் சோறு தின்பவர்கள் கவலைப்பட இதில் ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். 2023 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, லெட்ப்ரோனா என்ற இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பூச்சிக்கொல்லியாகப் பதிவு செய்தது. உருளைக்கிழங்குச் செடியின்மேல் தெளித்தால், இலையைத் தின்னும் கொலராடோ வண்டின் உடலுக்குள் போய், அதன் செல்கள் பழுதான புரதங்களைச் சிதைக்கப் பயன்படுத்தும் ஒரு மரபணுவை அடக்குகிறது. வண்டு தின்பதை நிறுத்திச் சாகிறது. மண்ணில் இந்தப் பொருள் நீண்ட காலம் தங்குவதில்லை. தொட்டதையெல்லாம் கொல்லும் பழைய மருந்துகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. இதற்கும் வண்டுகள் எதிர்ப்பைப் பெறும் என்பதும் ஆய்வகத்தில் தெரிந்துவிட்டது.

ஆனால் குறி தப்பாது என்ற உறுதிமொழி எதன்மேல் நிற்கிறது? அந்த எழுத்து வரிசை வேறு எந்த உயிரிலும் பொருந்தாது என்ற தகவலின்மேல். அதைச் சொல்ல, தெளிக்கும் வயலில் யார் யார் வாழ்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அவர்களின் மரபணுத்தொகுதியும் படிக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் உருளைக்கிழங்கு வயலுக்குச் செய்த பொருத்தச் சோதனை நம் கத்தரித் தோட்டத்துக்கோ நெல் வயலுக்கோ செல்லாது. இங்கே உள்ள பொறிவண்டுகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் கொசுத்தேனீக்களும் வேறு இனங்கள். இவ்வகை மருந்து இந்தியச் சந்தைக்கு வரும் நாளில், அதை அனுமதிக்கும் குழு நிறுவனத்தின் தாளை மட்டும் வாங்கிப் பார்த்துக் கையெழுத்திடக் கூடாது. நம் வயல்களின் நன்மை செய்யும் பூச்சிகளின் மரபணு வரிசைகளை வேளாண் பல்கலைக்கழகங்கள் இப்போதே படித்துப் பொதுவில் வைக்க வேண்டும். இந்த மருந்து எவற்றோடெல்லாம் ஒப்பிடப்பட்டது என்ற பட்டியலை விவசாயச் சங்கங்கள் கேட்டு வாங்க வேண்டும்.